நிஸாவின் நிரலுக்கு வைத்த வரம்பு

வெள்ளிக்கிழமை மதியம் மட்டாஞ்சேரியில் நல்ல சாயா கிடைக்காது. கடைக்காரர் பள்ளிவாசலுக்குக் கிளம்பும் அவசரத்தில் கலக்கிக் கொடுப்பார். நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவழைத்துக் கொடுத்த இந்தச் சாயா பரவாயில்லை.

எங்கள் மசாலாக் கிடங்கில் இசக்கிராஜா இறந்ததற்கு நிஸா எழுதிய கணினி நிரலின் கோளாறே காரணம் என்று உங்கள் அறிக்கையில் எழுதப்போவதாகவும், அவளைக் கைது செய்யப்போவதாகவும் கேள்விப்பட்டேன். அது தவறான தகவல். தவறான தகவல் பதிவாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. வந்தது அதற்காகத்தான்.

அங்கே கணினிகளைப் பராமரிப்பவன் நான். ஜாதிக்காயில் பூச்சி விழாதிருக்க, அது இருக்கும் அறையில் மருந்து வைத்துக் கதவை ஒட்டி அடைத்துவிடுவோம். மருந்திலிருந்து கிளம்பும் வாயு மனிதரையும் கொல்லும். அதற்குப் பூண்டு வாடை உண்டு. ஆனால் அடுத்த அறை பெருங்காய அறை. அங்கே நிற்பவர் தம் மூக்கை நம்ப முடியாது. நடுவில் இருப்பதோ உப்புக்காற்று அரித்த பழைய சுவர்; வாயு கசியலாம். எனவே பெருங்காய அறையில் வாயுவை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். அளவு மீறினால் மணி ஒலிக்கும்படி நிரல் எழுதியவள் நிஸா.

அந்த நிரல் வந்த நாள் முதல் பில் போடும் நிரல் திணறியது. இரண்டும் ஒரே கணினியில் ஓடின. கணினியின் திறனில் பெரும்பகுதியை நிஸாவின் நிரலே எடுத்துக்கொண்டது. முதலாளி அப்ஸல் மாடியிலிருந்து கத்துவார்: “பரீதே, பில்லு அனங்கலையே, நகரவே மாட்டேங்குதே! நீ அங்க உறங்குறியா?” ஒரு நாளில் பலமுறை அதே கேள்வி, அதே படிகள். எனக்கு அலுத்துவிட்டது.

நிஸாவிடம் நயமாகச் சொன்னேன். அவள் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தாள்.

“பரீதிக்கா, என் புரோகிராமுக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. உங்க கம்ப்யூட்டருக்கும் உங்களுக்கும்தான் வயசாயிப்போச்சு.”

என் மேசைக்குத் திரும்பினேன். கணினியின் திறனில் இந்தப் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று எந்த நிரலுக்கும் வரம்பு வைக்கலாம். ஒரு வரிக் கட்டளை போதும். இது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நிஸாவின் நிரலுக்குச் சிறிய பங்கு ஒன்றை ஒதுக்கினேன். பில் தடையின்றி ஓடியது. அன்று மாலை அப்ஸல் முதல்முறையாக என் தோளில் தட்டினார்.

வரம்புக்கு உட்பட்ட நிரல் நின்றுவிடுவதில்லை, பின்தங்கிவிடுகிறது. கருவி அனுப்பும் அளவுகள் வரிசையில் காத்திருக்க, அது பழைய அளவையே படித்துக்கொண்டிருக்கும். பெருங்காய அறையில் இப்போது இருக்கும் காற்று அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரியவரும். இதை நான் மறுநாளே கவனித்தேன். வரம்பைத் தளர்த்தவில்லை. பங்கு போதாதபோது தன்னைச் சுருக்கிக்கொள்வதே நல்ல நிரலின் இலக்கணம் என்று கருதினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கிடங்கைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். காவலுக்கு இருப்பவர், மூட்டை தூக்கும் இசக்கிராஜா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சாப்பிட்டதும் பெருங்காய மூட்டைகள்மேல் சாய்ந்து கண்ணயர்வார்; இது எல்லோருக்கும் தெரியும். அன்று காலைதான் ஜாதிக்காய் அறையில் மருந்து வைத்திருந்தார்கள். எனக்கு உடம்பு முடியவில்லை. பள்ளிவாசலுக்குப் போகாமல் என் அறையில் இருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன பாய், தொழுவப் போவலியா? மூஞ்சியப் பாத்தா, காலைலேர்ந்து மூட்டை தூக்குனது நானா நீங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

“களைப்பா இருக்கு, அண்ணாச்சி.”

“அப்ப நானும் செத்த நேரம் சாயுதேன். திருடன் வந்தா நீங்களே புடிச்சிக்கிடுங்க.”

அவர் பெருங்காய அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

கருவி அனுப்பும் அளவுகளை, நிஸாவின் நிரல் இல்லாமல் நேரடியாகவும் என் திரையில் பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் ஏறின. ஆபத்தான அளவைத் தாண்டின. மணி ஒலிக்கவில்லை. நிஸாவின் நிரல் இன்னும் காலைக் காற்றையே படித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கதவு என் மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. மணி எவ்வளவு தாமதமாக ஒலிக்கும் என்பது தெரிய வேண்டியிருந்தது. அது தெரிந்துவிட்டால், எல்லோர் முன்னிலையிலும் நிஸாவுக்கு நான் கடமைப்பட்டிருந்த பதில் கையில் இருக்கும். நடுவில் எழுந்து போனால் எதுவும் நிரூபணமாகாது. உள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு மூட்டை சரியும் ஓசை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

தொழுகை முடிந்து தெருவில் செருப்புச் சத்தம் வந்தபோது வரம்பை நீக்கினேன். தேங்கிய அளவுகளை எல்லாம் நிரல் மளமளவென்று படித்து முடித்தது. மணி உடனே ஒலித்தது. அப்ஸலும் மற்றவர்களும் ஓடிவந்து கதவை உடைத்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் அண்ணாச்சியைத் தூக்கினேன். மணி ஏன் இவ்வளவு தாமதம் என்று அப்ஸல் பின்னாலேயே வந்த நிஸாவைப் பார்த்துக் கத்தினார். அவள் அழுதாள். வரம்பு நீங்கிவிட்டதால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

நிஸா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்; வரும்போது பார்த்தேன். அவளிடம் சொல்லுங்கள்: அது பிழையில்லாத நிரல். அதை என்னைவிடப் பொறுமையாகச் சோதித்தவர் யாரும் இருக்க முடியாது.