ஒரு கோடு கூட விழாத ரெக்கார்டு

பகல் பன்னிரண்டரை மணி. சித்திரை வெயில். கொட்டாம்பட்டியைத் தாண்டி, திருச்சி நான்குவழிச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்சாலை. ஆள் இல்லை, ஆடு இல்லை. ஒரே ஒரு வெள்ளைக் கார் மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது…

“பேய்க் கதைன்னுட்டு மத்தியானத்துல ஆரம்பிக்கிறீங்களேண்ணே?”

பார்த்தீர்களா, காரை நிறுத்துவதற்குள் குறுக்கே ஒரு ஆள். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று உங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லையா மாப்ள? ராத்திரி வருகிற பேய்க்காவது லைட்டைப் போடலாம். மத்தியானம் வருகிற பேய்க்கு எதைப் போடுவீர்கள்? இந்தப் பரவைக் கல்யாண மண்டபத்தில் ஏசி ஓடவில்லை. தலையணையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் முகூர்த்தம் வரைக்கும் எப்படியும் யாரும் தூங்கப்போவதில்லை. ஜமுக்காளத்தில் நெருங்கி உட்காருங்கள். செல்போனைக் கவிழ்த்து வையுங்கள்.

காரில் போனவர் என் சகலை செல்வக்குமார். என் மனைவியின் அக்கா தமிழ்வாணியைக் கட்டியவர். கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்கிற சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ரெக்கார்டு வாங்குவார், அவ்வளவுதான். சினிமாப் பாட்டு ரெக்கார்டு இல்லை. அமெரிக்காக்காரன் வாசித்த ஜாஸ். அதுவும் அமெரிக்காவில் அச்சான தட்டு ஆகாது. அறுபதுகளில் ஜப்பானில் அச்சானதுதான் வேண்டும். அதில் கரகர சத்தமே இருக்காதாம். இரண்டு பாட்டுக்கு நடுவில் வருகிற மௌனம்கூடச் சுத்தமாக இருக்குமாம். அட்டையின் ஓரத்தில் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். ஓபி என்பார்கள். அது கிழிந்திருந்தால் மனிதர் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், வாங்குகிற எதையும் போட்டுக் கேட்கமாட்டார். ஊசி பட்டால் தேயுமாம். “கேக்குறதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல இருக்கே சகல” என்பார். பின்னே எதற்கய்யா வாங்குகிறீர் என்று கேட்டால், எனக்கு ரசனை இல்லை என்று தமிழ்வாணி மதினியிடம் போய்ச் சொல்வார்.

ஒரு டிரம்பெட்காரர். பெயர் எனக்கு வாயில் நுழையாது. அவருடைய ஆறு ரெக்கார்டுகள் வரிசையாக ஜப்பானில் வந்தவை. ஐந்து இவரிடம் இருந்தன. ஆறாவது மட்டும் எத்தனையோ வருடமாகச் சிக்கவில்லை. அது கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருப்பதாகக் காதில் விழுந்ததும், கம்பெனியைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த வீட்டில் காசிமாயன் என்று ஒரு விவசாயி. அவருடைய அண்ணன் தவசி கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பான் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் ரெக்கார்டு வாங்கியிருக்கிறார். அண்ணன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“இஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சு எங்கண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு சார். நாப்பது வருசமா மத்தியானம் சாப்ட்டு முடிச்சா இந்தப் பாட்டு மெசின் முன்னாடிதான் உக்காந்துருக்கும். தடவித் தடவித்தான் போடும்.”

என் சகலை ஒவ்வொரு ரெக்கார்டாக வெளியே எடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் பேனா மாதிரி ஒரு டார்ச் வைத்திருப்பார். அதை அடித்து லேபிளைப் பார்த்தார். லேபிள் என்றால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம். அதன் மையத்தில் துளை. பிளேயரில் நிற்கிற சின்ன முளையில் அந்தத் துளையை மாட்ட வேண்டும். மாட்டும்போது குறி தவறினால் முளை காகிதத்தில் உரசி ஒரு மெல்லிய சாம்பல் கோடு விழும். சேகரிக்கிறவர்கள் முதலில் அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். எம்புட்டுத் தடவை போட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தவசியின் ரெக்கார்டுகளில் துளையைச் சுற்றிக் கோடோ கோடு. எல்லாப் பக்கமும் கோடு. சிலந்தி கூடு கட்டியது போல…

ஒன்றே ஒன்றைத் தவிர. அதுதான் ஆறாவது. ஓபி பட்டை அப்படியே இருக்கிறது. லேபிளில் ஒரு கோடு இல்லை.

“அது கடைசியா வாங்குனது சார். கண்ணு வந்தப்பறம் அந்த அட்டையப் பாத்துக்கிட்டே கேக்கணும்னு தனியா வச்சிருந்துச்சு. எங்க வந்துச்சு? சாகுறதுக்கு முன்னாடி, போடுறா காசின்னு கேட்டுச்சு. ஊசி தேஞ்சுபோயிக் கெடந்துச்சு, மாத்து ஊசி இங்கன எவன்ட்ட கெடைக்கும்?” காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “காசெல்லாம் வேணாம் சார். உங்க வீட்டு மெசின்ல ஒரே ஒரு தடவ போட்ருங்க. அது போதும்.”

“இன்னைக்கே போடுறேன்” என்றார் என் சகலை.

“சத்தியமா?”

“சத்தியமா.”

போடவில்லை. கோடு விழாத ரெக்கார்டை அவராவது போடுவதாவது. பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு இரும்பு பீரோ. ஐந்துக்குப் பக்கத்தில் ஆறாவதை வைத்துப் பூட்டினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டி இந்தச் சத்தியக் கதையையும் சொல்லிச் சிரித்தார். “கண்ணு தெரியாத மனுசன், செத்தும் போயாச்சு. போட்டா மட்டும் தெரியவா போகுது?”

அடுத்த வாரம் எனக்குப் போன். குரலே சரியில்லை. லேபிளில் ஒரு கோடு.

மதினியைத்தான் முதலில் பிடித்தார். எடுத்தது யார், ஏன் தொட்டாய் என்று ஒரே சத்தம். “எனக்கு வேற வேல இல்லையா?” என்று அவர் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பீரோச் சாவி அவரோடு கப்பலூருக்குப் போனது. சாயங்காலம் வந்து திறந்தால் இன்னொரு கோடு. ரெக்கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டினார். ஒட்டிய டேப் ஒட்டியபடி இருக்கிறது. உள்ளே இன்னொரு கோடு. கம்பெனியிலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்து பீரோவுக்கு எதிரே மாட்டினார். நாள் முழுக்க மூடிய பீரோதான் தெரிந்தது. கோடு மட்டும் நிற்கவில்லை. மனிதர் வெறி பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். எச்சில் கையோடு பீரோவைத் திறப்பார். பூட்டு செய்தவனைத் திட்டுவார், டேப் விற்றவனைத் திட்டுவார், என்னைத் திட்டுவார். நான் என்ன செய்தேன்?

ஒருநாள் மத்தியானம் மதினி எனக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

“பீரோக்குள்ள சத்தம் கேக்குது. நீங்களே கேளுங்க.”

போனை பீரோக் கதவில் வைத்தார் போல. கேட்டேன்… சர்ர்… சர்ர்… காகிதத்தில் எதையோ மெதுவாக உரசுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் சர்ர்… அவசரமே இல்லை. தடவித் தடவி, பொறுமையாக…

“கருகுன ஆயில் வாடை வேற அடிக்குது” என்றார் மதினி. “சொன்ன சொல்லக் காப்பாத்தச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ போட்டா என்ன கொறஞ்சு போகும்?”

சொன்னேன். கெஞ்சியே சொன்னேன். கூடத்தில் பிளேயர் இருக்கிறது, புது ஊசி இருக்கிறது, பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடுகிற ரெக்கார்டு. கேட்டால்தானே? “ஊசி பட்டா அது ரெண்டாந்தரம் சகல. இன்னமும் ஊசி ஓடுற காடியில ஒரு கீறல் இல்ல, தெரியுமா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெக்கார்டைப் பிடுங்கி நானே பிளேயரில் வைக்கப் போனேன். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வாட்ச் பட்டை அறுந்தது. இனி எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பீரோவை நம்பிப் பயனில்லை, நானே காவல் இருக்கிறேன் என்று முடிவு செய்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தில் படுத்தார். படுத்தவர் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் போன். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். “சகல! இன்னைக்கு ஒரு கோடு கூட விழல!” பிறகு, “கண்ணு மட்டும் லேசா உறுத்துது. ஃபேன் தூசி விழுந்துருச்சு போல” என்றார்.

மறுநாளும் கம்பெனிக்குப் போகாமல் அப்படியே படுத்தார். மறுநாளும் கோடு இல்லை. கண் சிவந்திருந்தது. அதற்கடுத்த நாள் நீர் வடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மதினி இருந்து பார்த்திருக்கிறார். உச்சிவேளை வந்ததும் எப்படித் தூங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்தபோது அந்த ஆயில் வாடை மட்டும் இருந்தது… ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் நெடுநேரம் மிஷினில் பார்த்துவிட்டு, கண்ணில் ஏதாவது உரசினீர்களா என்று கேட்டாராம். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து அனுப்பினார்.

“இப்பவாச்சும் போடுங்க” என்று மதினி அழுதார்.

“இப்பத்தான் கோடு விழறது நின்னுருக்கு. இப்பப் போயி யாராச்சும் போடுவாங்களா?” என்றார் இவர்.

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது?

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்குச் சாயங்காலம் பந்தியில் என் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் இருந்தாரே, தண்ணீர் டம்ளரை எடுக்க இலை முழுக்கத் தடவினாரே… அவர்தான். கல்யாண வீட்டுக்கும் அந்த ரெக்கார்டைத் துணிப்பையில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறார். பந்தி முடிந்ததும் என்னைக் கீழ் அறைக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தச் சொன்னார். லைட் போட வேண்டாம் என்றார். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“பாருங்க சகல. புதுசா இருக்கா?”

லேபிளில் அடித்துப் பார்த்தேன். பழைய கோடுகள்தான். புதிதாக ஒன்றுகூட இல்லை. இல்லை என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணீரைத் துடைத்தார். என் கையில் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியே வெளிச்சம் அவர் முகத்துக்குப் போய்விட்டது…

நடுவில் கறுப்பு. அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடுகள். எல்லாப் பக்கமும். இரண்டு கண்ணிலும்.

என்னால் கையை இறக்க முடியவில்லை. வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் அடிக்கிறது. அவர் சிமிட்டவில்லை.

“நல்லாப் பாத்தீங்களா சகல?” என்றார். “டார்ச்சப் போட்டுத்தான பாத்தீங்க?”