காலி சீட்டுக்கு டீசல்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, முன்சீட்டுப் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர், தன் பெரிய பிக்கப்பைக் கொடுத்துவிட்டுச் சின்ன லோடு வண்டி வாங்க மைத்துனரோடு போகிறார்.

"ஆளில்லாத சீட்டுக்கும் சேத்துல்ல டீசல் போடுறேன், மாப்ள."

"சின்னது சீசன்ல லோடு தாங்காதுன்னா கேக்க மாட்டேங்கிறீகளே, அத்தான்."

"வெறும் பட்டாசுப் பெட்டி என்ன கனம் கனக்கும்? சின்னது பாதி டீசல்ல ஓடும், திருத்தங்கல் சந்துலயும் திரும்பும். ஒங்கக்கா லேபிள் கட்டுகள மடியில வச்சுக்கிட்டு, காலை நீட்டி உக்காந்து வரட்டும்னுதான் அம்புட்டுப் பெருசா எடுத்தேன். அவ செத்து ரெண்டு வருசமாச்சு."

"சின்ன வண்டியிலயும் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கும் அத்தான்."

"இருக்கும். சோத்துத் தூக்குவாளிய வச்சா நெறஞ்சிரும்."