வாப்பாவுக்குச் சொன்ன பாடம்

– பள்ளிக்கூடத்துக்கு இனி வரமாட்டேன்னு சொல்லிவிட்டேன்ல டீச்சர். நீங்க போங்க.

– ஏளா இல்மா, சாத்தான்குளத்துல ஏறி, திருச்செந்தூர்ல மாறி, வேகாத வெயில்ல காயல்பட்டணத்துக்கு வந்திருக்கேன். வாசல்லயே வச்சு வெரட்டுதியே!

– சரி, உக்காருங்க. தண்ணி தரவா?

– தண்ணி கெடக்கட்டும். கல்ஃப்ல வச்சு ஒங்க வாப்பா மவுத்தாயிட்டாங்கன்னு கேட்டதுல இருந்து எனக்கே சோறு எறங்கல. ஒனக்கு எப்படி இருக்கும்! ஆனா பிள்ள, நீ இல்லாம பி.டி. பீரியட்ல ஒரு குட்டி ஓடமாட்டேங்கா. நீதான எல்லாரையும் கெளப்பி விடுவ.

– வாப்பாவையும் நாந்தான் கெளப்பி விட்டேன். சாயங்காலமானா வீடியோ கால்ல, நடங்க வாப்பா, கைய வீசி நடங்கன்னு. லேபர் கேம்ப் வராந்தாவுல கைலியோட நடப்பாஹ. எங்க வீட்டு டாக்டரம்மா ஆர்டருன்னு ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிப்பாஹ.

– நல்ல காரியந்தான செஞ்ச.

– அன்னைக்கு நெஞ்சு அடைக்குதுன்னாஹ. வாயுதான், சுக்குக் காப்பி குடிச்சாப் போயிரும்னாஹ. நீங்க சொல்லித் தந்தத அப்படியே ஒப்பிச்சேன் டீச்சர். வாயுன்னு இருந்துரக் கூடாது, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும், எந்த நாட்டுல இருந்தாலும் வைத்தியம் மனுஷனுக்கு உரிமைன்னு. போவலேன்னா இனி ஒங்களோட பேசவே மாட்டேன்னேன்.

– சரியாத்தான சொல்லிருக்க?

– கம்பெனிய மூடிட்டானாம். வாப்பாவுக்கு விசாவும் இல்ல, ஆஸ்பத்திரி கார்டும் இல்ல. போனாப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்கன்னு பயம். எங்கட்ட மூச்சு விடல. மக பேசாம இருந்துருவாளேன்னு, கூடத் தங்கியிருந்த அம்ஜத் மாமா கார்ட வாங்கிட்டுப் போயிருக்காஹ.

– ஐயோ, தெய்வமே!

– அங்கனயே மவுத்தாயிட்டாஹ. ஆஸ்பத்திரிக் கணக்குல செத்தது அம்ஜத். வாப்பா பாஸ்போர்ட்டக் கொண்டு போனா, இது வேற ஆளுங்காங்க. உண்மையச் சொன்னா அம்ஜத் மாமாவப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. அவுஹளுக்கும் சின்னச் சின்னப் பிள்ளைக. மையத்து ஐஸ் பெட்டியில கெடக்கு டீச்சர். ரூம்லயே கெடந்து மவுத்தாயிருந்தா சொந்தப் பேரோட ஊர் வந்து சேந்திருப்பாஹ. முகத்தையாவது பாத்திருப்பேன்.

– அழாத மக்களே. எங்கையப் புடி. நான் என்ன செய்ய? புஸ்தகத்துல உரிமைன்னுதான் போட்டிருக்கு. கார்டு கேப்பாங்கன்னு எழுதலியே.

– புஸ்தகம் எழுதுனவுஹளுக்கு கார்டு இருந்திருக்கும்.

– இருக்கட்டும். நீ சொன்னதாலதான் போயிட்டாங்கன்னு மட்டும் நெனைக்காத. கேட்டியா? நீ சொன்னது தப்பே இல்ல. நாளைக்கு வேற யாருக்காவது அப்படி வந்தாலும் அதையேதான் சொல்லணும்.

– சொல்லமாட்டேன். அல்லா மேல ஆணையா, யாருக்கும் சொல்லமாட்டேன்.

– ஒங்கிட்ட மல்லுக்கட்ட என்னால ஆவாது. உம்மாவக் கூப்புடு, அவங்ககிட்டப் பேசிக்கிடுதேன்.

– உம்மா எந்திரிக்க மாட்டா.

– புருஷன் மவுத்துக்கு இத்தா இருக்காங்களா? வெளி ஆம்பள கண்ணுலதான படக்கூடாது, நானும் பொம்பளதான பிள்ள, உள்ள வந்து பாத்துக்கிடுதேன்.

– அதுக்கில்ல டீச்சர். விடியக்காலத்துல இருந்து உம்மாவுக்கு நெஞ்சு அடைக்குதாம், வேர்த்து ஊத்துது. வாயுதான்னு சொல்லுதா. நான் வாயே தொறக்கல.