கிரேனை விட்டு இறங்கினவள்

— மன்னிப்பெல்லாம் கேக்க முடியாது, மாமா. வேற பேச்சு இருந்தா பேசுங்க.

— வேற பேச்சா? பட்டப்பகல்ல கிரேனை நிறுத்திட்டு எறங்கி, மேனேஜர் கண்ணு முன்னாடி சுருட்டைப் பத்த வெச்சிருக்கே. மேஸ்திரி மருமக சுருட்டுப் பிடிக்கறான்னு துறைமுகமே சிரிக்குது.

— பல்லு இருக்கறவங்க சிரிக்கறாங்க.

— நாளைக்கு எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணும். இல்லேன்னா கிரேன் சாவியை வாங்கிக்குவாங்களாம். யார் யார் கால்ல விழுந்து உன்னை அதுல ஏத்தினேன், தெரியுமில்ல?

— தெரியும். என்னை மாதிரி ஓட்ட ஆளில்லைன்னு நீங்க சொன்னதும் தெரியும்.

— ஓட்டறதை யாரு குறை சொன்னா? இந்தக் கடலோரத்துல பொம்பளை புகை பிடிச்சு நான் பாத்ததில்லம்மா.

— எங்க மலையில எங்கம்மா பிடிப்பா, பெரியம்மா பிடிப்பா. குளிருக்கு அதுதான் போர்வை. ஆனா குடிச்சிட்டு வேலைக்கு வந்தவனை யாரும் கூடச் சேத்துக்கமாட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேலியோரமா கஞ்சா நிக்கும். கிழவனுங்க சாயங்காலம் ஊதுவாங்க, போலீஸ்கூட மூஞ்சியைத் திருப்பிக்கும். இங்க மதியச் சோத்துக்கு முன்னாடி ரெண்டு கிளாஸ் சாராயம். கேட்டா அலுப்பு மருந்தாம்.

— உப்புக்காத்துல தேயற உடம்பு. அது பழக்கம்.

— எங்களுதும் பழக்கம்தான். உங்க பழக்கம் மருந்து, எங்க பழக்கம் மானக்கேடா?

— பதிலுக்குப் பதில் பேசாதே. வேலையைப் பாதியில விடற அளவுக்கு அப்படியென்ன அடங்காத ஆசை?

— ஆசையா? இரும்புக் கட்டு ஒரு முழம் எழும்பினதுமே ஒரு பக்கமா சாஞ்சுது. இறக்கிட்டேன். நாலு மூலைக்கும் கொக்கி போடணும், மூணுதான் போட்டிருந்தது. மேனேஜர் அங்கேயே நின்னார். நான் சும்மா எறங்கினா எதுக்குன்னு கட்டைப் பாப்பார். அதான் சுருட்டைப் பத்த வெச்சேன். மனுஷன் என்னையே திட்டிட்டுப் போனார். அப்புறம் நாலாவதை மாட்டினேன்.

— எவன் அவன், மூணு கொக்கி போட்டவன்? கப்பலுக்குள்ள ஆளுங்க நிக்கறாங்கன்னு தெரியாதா? பேரைச் சொல்லு. இன்னிக்கே வெளியே தள்ளறேன்.

— எதுக்கு மாமா, விடுங்க.

— விடறதா? நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் தள்ளுவேன்.

— நீங்க பெத்த பிள்ளை கப்பலுக்குள்ள நின்னாரு, கட்டு வந்து இறங்கற இடத்துலயே. கொக்கி போடற ஆள் வரலைன்னு, ரெண்டு கிளாஸ் போட்ட கையோட கொக்கி மாட்டினது நீங்க, மாமா.