ஒன்பதாவது பாட்டுக்குப் பிறகு

கருவாட்டுக்கு வெண்ணெய் தடவும்போது கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. அன்றும் நான் தாராளமாகத்தான் தடவி வைத்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்கிறீர்களா, நல்லது. முதலிலிருந்தே சொல்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லையே.

ஐரோப்பாப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்த மே மாதச் சனிக்கிழமை அது. அன்று மாலை ஏழு மணிக்கு ஐஸ்லாந்தில் எந்தத் தெருவிலும் ஈ காக்கை இருக்காது, உங்களுக்கே தெரியும். வெளியே வெயில் மலைமேல் நிற்கும், ஊரே திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். எங்கள் நாடு ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சட்டை போடாத நாலு பேர் பீப்பாய் அடிப்பதும், ஒரு அம்மாள் பத்து முழ ஜிகினாப் பாவாடையோடு புகைக்குள்ளிருந்து எழுந்து வருவதும், பியானோ பற்றி எரிவதும்தான் எனக்கு வேண்டும். அசிங்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ருசி.

எங்கள் வீட்டில் முப்பத்தோரு வருடமாக இந்த விருந்து நடக்கிறது. அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு நாட்டு வேஷம் போட வேண்டும், ஆளுக்கு ஒரு மார்க்குத் தாள். இருபத்தைந்து பாட்டுக்கும் மார்க் போட வேண்டும், போட்டியில் போலவே பன்னிரண்டுதான் உச்சம். பாதியில் விளம்பரம் வரும்போது நான் எழுந்து வேஷங்களுக்கு மார்க் அறிவிப்பேன். துறைமுகத்தில் மீன் நிறுப்பது என் வேலை. படகுக்காரன் மச்சானாக இருந்தாலும் நூறு கிராம் கூட்டி எழுதியதில்லை. அந்தக் கை எனக்கு.

என் மனைவி தோர்டிஸுக்கு எப்போதும் முட்டைதான். அது வேடிக்கைக்காக. முதல் வருடம் அவள் காகிதத்தில் கிரீடம் செய்து வைத்திருந்தாள். "தோர்டிஸ், முட்டை" என்றேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவளும் சிரிப்பாள். ஒரு வருடம் மூன்று மாதம் உட்கார்ந்து பாசிமணி கோத்து உடை தைத்தாள், அதற்கும் முட்டை. அன்று சமையலறையில் போய்ச் சிரித்தாள் என்று நினைக்கிறேன், தோள் குலுங்கியது.

இந்த வருடம் ஒன்பதாவது பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. நான் எழுந்தேன். பக்கத்து வீட்டு ஹால்டோரா, "அர்ன்கெல், எங்களுக்குத்தான் தெரியுமே, தோர்டிஸுக்கு முட்டை, மேல சொல்லு" என்றாள். அப்போது தோர்டிஸ் தன் தாளோடு எழுந்து நின்றாள்.

"இந்தத் தடவை நான் படிக்கறேன். ஹால்டோராவுக்குப் பத்து. அவ புருஷன் கெதிலுக்கு எட்டு, தொப்பை ஒரிஜினலா இருக்கறதால." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தாள். "அர்ன்கெல். வேஷத்துக்கு முட்டை. விருந்துக்கு முட்டை. முப்பத்தோரு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே முட்டை."

கெதில் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹால்டோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி, இத்தனை வருஷமா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த இதை" என்றாள். நான் சொல்லும் முட்டைக்கு நாலைந்து நொடிதான் சிரிப்பார்கள். இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் என்று நீங்கள் எழுதினால் அது தவறு.

பத்தாவது பாட்டு ஆரம்பித்ததும் தோர்டிஸ் நீச்சலுடை மாட்டிக்கொண்டு பின்பக்க வெந்நீர்த் தொட்டிக்குப் போனாள். இடுப்புவலிக்காரி, ஒவ்வொரு வருடமும் நடுவில் கொஞ்ச நேரம் ஊறிவிட்டு வருவாள். ஜன்னலைத் திறந்து வைத்தால் பாட்டு அங்கே கேட்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கொட்டகையிலிருந்து இன்னும் கொஞ்சம் கருவாடு எடுக்கப் போனேன். தூறல் இருந்தது. தொட்டியின் கனத்த மடக்குமூடியில் ஒரு பாதியைத் தன் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அதன் அடியில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். மறுபாதி திறந்து கிடந்தது. கொஞ்சம் காற்றும் இருந்தது.

முதல் நாள் நான் கொடுத்த வாக்குமூலத்தில், தொட்டி காலி என்று நினைத்து, காற்றுக்குப் பயந்து மூடிவிட்டேன் என்று சொன்னேன். ஊரே நம்பியது. ஏன் நம்பாது? எங்கள் கடலோரத்தில் திறந்த மூடியைக் கண்டால் யாருடைய கையும் தானாக வாரை இழுத்து மாட்டிவிடும், எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். போன குளிர்காலத்தில் கெதில் வீட்டு மூடி பறந்துபோய்த் தேவாலயக் கூரையில் உட்கார்ந்தது. அடக்கத்தின்போது பாதிரியாரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் நடந்திருக்கும் அர்ன்கெல்" என்று அழுதார்.

நான் பார்த்துத்தான் மூடினேன். நாலு வார், நாலு கொக்கி. ஒவ்வொன்றையும் இறுக்கினேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது பதினொன்றாவது பாட்டு. வெளியே தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பாட்டிலும் மேளம் இருந்தது. ஹால்டோரா, "இவங்க மேளக்காரன் தாளம் தப்பறான்" என்றாள். கெதில் அந்தத் தப்பிய தாளத்துக்கே சேர்ந்து கை தட்டினான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஒரு பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது போட்டியின் சட்டம், அதனால் கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பதினான்காவது பாட்டில் மேளம் இல்லை, ஒரு பையன் வயலின் வாசித்தான். வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் அதைக் கேட்க முடிந்தது. நல்ல பாட்டு, பத்து கொடுத்தேன்.

அவளுடைய தாள் மேசைமேல் ஒன்பதாவது பாட்டோடு நின்றுபோய்க் கிடந்தது. குறையாகக் கிடக்கும் தாளைப் பார்த்தால் எனக்கு உடம்பு அரிக்கும். பத்திலிருந்து இருபத்தைந்து வரை நானே நிரப்பினேன். அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா, முப்பத்தோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வயலின் பையனுக்குப் பன்னிரண்டு போட்டேன். என் ரசனையை அதில் நுழைக்கவில்லை. நீங்கள் பதினோரு நாள் கழித்து வந்து, தொட்டிக்குள் இருந்தவள் இருபத்தைந்தாவது பாட்டுக்கு எப்படி மார்க் போட்டாள் என்று கேட்டபோது, உண்மையில் எனக்கு உங்கள்மேல் மரியாதை வந்தது.

அவள் கூப்பிட்டாளா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டாள். மூன்றாவது கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். "அர்ன்கெல், விளையாடாத, நான் உள்ள இருக்கேன்" என்றாள். அப்புறம், "மூச்சு முட்டுது, திற" என்றாள். நாலாவதையும் மாட்டினேன். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். உனக்குப் பன்னிரண்டு. திறந்துடு, அர்ன்கெல்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தடவை அறிவித்த மார்க்கை மாற்ற முடியாது. அது நான் போட்ட சட்டம் இல்லை.