செபமாலை அண்ணையின்ரை கை

சீனி காணும் ஐயா, இனிப் போடவேண்டாம். பிளேன்ரீ நல்லாயிருக்கு. நீங்களும் இருங்கோ. ஆறுதலாய்ச் சொல்லுறன்.

நான் சுபாஸ்கரன். பிறந்தது உரும்பிராயிலை, தோட்டக்காரக் குடும்பம். இப்ப குருநகரிலை செபமாலை அண்ணையின்ரை படகிலை மீன்பிடித் தொழிலுக்குப் போறனான். அவர் கடலிலை செத்ததைப் பற்றிக் கதைக்கத்தான் பொலிசுக்கு வந்தனான். அவர்ரை தம்பி நிருஷனிலை தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

கடைசிச் சண்டைக்காலம், முத்தையன்கட்டுக் காட்டுக்கை இயக்கத்திலை நானும் நிருஷனும் ஒரே பதுங்குகுழியிலை இருந்தம். விடாத மழை. ஒரு கைக்குண்டு உள்ளுக்கை வந்து விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டன். அவன் என்னைத் தள்ளிப்போட்டு அதுக்கு மேலை குப்புற விழுந்தான். எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் அப்பிடியான பெடியன்தான்.

தடுப்பு முகாமிலையிருந்து வெளியிலை வந்தவுடனை இதைச் சொல்லத்தான் குருநகருக்குப் போனனான். செபமாலை அண்ணை என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் மிஞ்சாதபடியாலை தன்னோடை வைச்சிருந்தார். தொழில் பழக்கினார். தங்கடை சொந்தத்திலை லவீனா எண்ட பெட்டையைக் கட்டித் தந்தார். நல்ல மனிசன், அதை நான் மறுக்கேல்லை.

ஆனால் நான் கொஞ்சம் குடிச்சால், உதுக்கோ என்ரை தம்பி செத்தவன் எண்டு கேப்பார். வலை கிழிஞ்சாலும் அதே கேள்விதான். ஒருக்கால் கலியாண வீட்டிலை ஏதோ பகிடிக்குச் சிரிச்சுப்போட்டன். சாப்பாட்டுக் கோப்பையோடை எழும்பி வந்து எல்லாருக்கும் கேக்கக் கேட்டார். கனடாவுக்கு வெளிக்கிட்டன். அவன் தந்த உயிர் இஞ்சைதான் கிடக்கோணும் எண்டு மறிச்சுப்போட்டார். என்ரை மகளுக்கு நிருஷா எண்டு பேர் வைச்சதும் அவர்தான்.

அவள் ஒருநாள் பள்ளிக்கூடத்தாலை வந்து, "அப்பா, நீங்கள் ஏன் குண்டிலை விழேல்லை?" எண்டு கேட்டாள். செபமாலைப் பெரியப்பா கேக்கச் சொன்னவராம்.

நான் கோவிக்கேல்லை. அவளுக்குப் பாண் வெட்டிக் குடுத்தன்.

அடுத்த கிழமை மண்டைதீவுக்கு அங்காலை, நல்லா விடிஞ்ச பிறகு, நானும் அவரும் வலை இழுத்தம். படகு சரிய அவர் வலையோடை கடலுக்கை விழுந்தார். வலை இரண்டு காலையும் சுத்திக் கீழை இழுத்தது. ஒரு கையாலை படகு விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையை என்னட்டை நீட்டினார். தூக்கத்தான் கிட்டப் போனனான், ஐயா. கொஞ்சம் சுணங்கிப்போனன். அவர் என்ரை முகத்தைப் பார்த்தார்.

"நிருஷன் எண்டால் இந்நேரம் குதிச்சிருப்பான்."

உண்மைதான். அவன் குதிச்சிருப்பான்.

விளிம்பிலை இருந்த விரல்களை நான் ஒவ்வொண்டாய்க் கழட்டினன். வலை இழுத்துப் பழகின விரல், நல்ல பலம். கொஞ்சம் நேரம் எடுத்தது.

கரைக்கு வந்து, நான் தவறி விழ என்னைக் காப்பாற்றக் குதிச்சவர் எண்டு சொன்னன். அந்த மனிசனுக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் எண்டுதான். ஊர் நம்பிச்சுது. தம்பியைப் போலைதான் தமையனும் எண்டு கோயிலிலை பாதர் பிரசங்கம் வைச்சார். நானும் அழுதனான்.

நேற்று முப்பத்தோராம் நாள் பூசை. முடிய, அண்ணையின்ரை மனிசி மார்கிரட் அக்கா எனக்கு முன்னாலை வந்து நிண்டா. கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

"இரண்டு பேரைத் திண்டுபோட்டு நிக்கிறாய். இனி நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு நான் பார்க்கிறன்."

என்ரை மகளும் பக்கத்திலை நிண்டவள்.

அதுக்குத்தான் ஐயா வந்தனான், வேறை ஒண்டுக்கும் இல்லை. எனக்காகச் செத்தது நிருஷன் ஒராள்தான். மற்ற ஆளை நான் கொன்றனான். அதை மார்கிரட் அக்காவுக்குத் தெளிவாய்ச் சொல்லிவிடுங்கோ. செபமாலை அண்ணையின்ரை பேரைச் சொல்லி இனி ஒருத்தரும் என்னைப் பேச ஏலாது.