கண்ணாடியில் ஒட்டிய கை

பிரியாணி அண்டாவைத் திறந்துட்டாங்க. வாசனை எனக்கும் வருது. உங்க குடியிருப்பு விருந்துல ரெண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டீங்க, அதனால அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை... கேட்டுட்டுப் போய்ச் சாப்பிடுங்க. கேட்டதுக்கு அப்புறம் சோறு இறங்கலேன்னா என்னைத் திட்டாதீங்க.

என் தங்கச்சி மேபல், அவ வீட்டுக்காரர் ஜெபஸ்டின். ரெண்டு பேரும் கனடாவுல இருக்காங்க. கனடான்னதும் பெரிய பெரிய கட்டடம்னு நினைக்காதீங்க. அவங்க இருக்கிறது நடுவுல, ஒரு புல்வெளிப் பக்கம். கண்ணு போற வரைக்கும் தரை... வெறும் தரை. குளிர்காலத்துல அது மொத்தமும் பனி. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. எது எங்கே முடியுதுன்னு தெரியாது. சத்தம்? கிடையாது. அங்கே போய் நின்னா நம்ம மூச்சே யாரோ பக்கத்துல நின்னு விடுற மாதிரி இருக்கும்னு மேபல் சொல்லுவா.

அந்தக் குளிர்ல, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் இவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? பருந்து பாக்கப் போவாங்க. சிரிக்காதீங்க... அங்கே நிறையப் பேருக்கு அந்தப் பைத்தியம் உண்டு. இன்னும் வடக்கே இருக்கிற பருந்து, வெள்ளை ஆந்தை எல்லாம் குளிருக்கு அங்கே இறங்கி வரும். ஆந்தைன்னா நமக்கு ராத்திரி சமாச்சாரம். இது பட்டப்பகல்ல வேலிக் கம்பத்து மேல உக்காந்து, தலையை மட்டும் திருப்பி நம்மளப் பாக்குமாம்.

இதுல ஒரு முறை இருக்கு. காரை விட்டு இறங்கக் கூடாது. கார் நின்னா பறவை கண்டுக்காது, மனுஷன் கால் தரையில பட்டா பறந்துடும். இஞ்சினை அணைச்சிடணும், இல்லேன்னா பைனாகுலர் ஆடும். சரி, இன்னொருத்தர் நின்னு பாத்துக்கிட்டிருந்தா? ஹாரன் அடிக்கக் கூடாது. நிறுத்திப் பேசக் கூடாது. மெதுவாத் தாண்டிப் போகணும். நீங்க ஒரு கை தூக்கணும், அவர் ஒரு கை தூக்குவார். அவ்வளவுதான். எவ்வளவு நாகரிகம் பாருங்க.

அன்னிக்கு ஒரு நீலக் கார் ரோட்டோரமா நிக்குது. உள்ளே ஒரு பெரியவர். பைனாகுலர் நெஞ்சுல தொங்குது. இவங்களப் பாத்ததும் கையைத் தூக்கினார். எங்க மாப்பிள்ளையும் தூக்கினார்.

"எதையோ பாத்துக்கிட்டிருக்கார் மேபல். தொந்தரவு பண்ண வேண்டாம்."

போயிட்டாங்க.

ஒரு பெரிய சுத்து சுத்திட்டு அதே ரோட்டுல திரும்பி வர்றாங்க. அந்தக் கார் அங்கேயே நிக்குது. பெரியவர் அப்படியே இருக்கார். கை...? கையும் அப்படியே இருக்கு. உள்ளங்கை கண்ணாடி மேல.

"ஏங்க... இப்ப நம்மளப் பாத்துக் கை காட்டுறாரா? இல்ல, அப்பத் தூக்கின கையை இறக்கவே இல்லையா?"

"நீ வேற. சும்மா வா."

சொல்லிட்டு என்ன பண்ணினார் தெரியுமா? அவரும் ஒரு கை தூக்கினார்.

போயிட்டாங்க... மறுபடியும் போயிட்டாங்க.

வீட்டுக்குத் திரும்புற முக்கு வந்தாச்சு. மேபலுக்கு மனசு கேக்கலை.

"காரைத் திருப்புங்க."

"பறவையை விரட்டிட்டோம்னு அவர் கோச்சுக்குவார் மேபல்."

"கோச்சுக்கட்டும். திருப்புங்க."

திருப்பினாங்க. நீலக் கார் தெரியுது. அதோட கூரை மேல கொஞ்சம் பனி குவிஞ்சு கிடக்கு. அப்பத்தான் அந்தப் பனி... தலையைத் திருப்பிப் பாத்துது.

ஆந்தை. வெள்ளை ஆந்தை.

மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தினார். "மேபல், உள்ளே ஆள் அசையுற கார் மேல இது வந்து உக்காராது."

அவ்வளவு வருஷத்துல முதல் தடவையா நடு ரோட்டுல இறங்கினாங்க. கால் தரையில பட்டுது... அது பறக்கலை. பக்கத்துல போனாங்க... பறக்கலை. மஞ்சக் கண்ணால ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருந்துது. மேபல் கதவுப் பிடியில கை வெச்ச அப்புறம்தான் எழும்புச்சு. இவ்வளவு பெரிய சிறகு. ஒரு சத்தம் இல்லை.

கண்ணாடிக்கு உள்பக்கம் உறைஞ்சு கிடக்கு. உள்ளங்கை அதுல ஒட்டிப் போயிருக்கு. கண்ணு ரெண்டும் திறந்தே இருக்கு. மேபல் ஜெபம் பண்ண வாயைத் திறந்தா... அந்தக் கண்ணு இமைச்சுது.

உயிர் இருந்துது. பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துடுச்சு. சாவியைத் திருப்ப முடியலை, ஹாரன் வரைக்கும் சாய முடியலை, வாயைத் திறந்து கூப்பிட முடியலை. அவருக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு கை. அதைத்தான் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தாங்க. ஓரெஸ்ட்னு பேராம். வாய் கோணி, பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வருது. திட்டுவார்னு பயந்துக்கிட்டே போனாங்க. திட்டலை. சொன்னார்...

"உங்களை ஞாபகம் இருக்கு. முதல் தடவை எனக்குக் கை காட்டினீங்க... ரெண்டாவது தடவையும் காட்டினீங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுட்டார்.

"அப்புறம் மேல தகரத்துல நகம் நடக்குற சத்தம். அது ஒண்ணுதான் என் கிட்ட வந்துது."

ஐயா... அம்மா... இதை மேபல் போன்ல சொன்ன அன்னைக்கு நான் எங்க மாடியில நின்னு எதிர் வீட்டு ஜன்னலைப் பாத்தேன். எனக்குப் பயமா இருந்துது. இப்பவும் இருக்கு.

இந்தக் குடியிருப்புல நீங்க நல்ல மனுஷங்க. நான் வரும்போதே பாத்தேன். லிஃப்ட்ல சிரிக்கிறீங்க, கை தூக்குறீங்க, உங்க மாடி வந்ததும் இறங்கிடுறீங்க. யாரையும் தொந்தரவு பண்றதில்லை. அவரும் யாரையும் தொந்தரவு பண்ணலை, எங்க மாப்பிள்ளை. கெட்டவன் ஒருத்தன் அந்த ரோட்டுல வந்திருந்தா, திருடுறதுக்காவது அந்தக் கதவைத் திறந்திருப்பான் இல்லையா? தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைக்கிறவங்க நடுவுலயும் ஒரு மனுஷன் உறைஞ்சு போகலாம்.

இன்னைக்குக் கீழே இறங்கி வராத வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இப்பக்கூட ஒரு கதவு உங்க மனசுல வந்துடுச்சு. முதல் தட்டு பிரியாணி அங்கே போகட்டும். பெல் அடிங்க. திறக்கலேன்னா தட்டுங்க. அவங்க கோச்சுக்குவாங்களேன்னு யோசிக்கிறீங்களா?

கோச்சுக்கட்டும்.